லான் மோவரில் அப்பாவின் கால் மாட்டிக்கொண்டது: கொஞ்சம் பேச வேண்டும்

எடிசன்வாசி (நியூ ஜெர்சி)

மூன்று வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் வீட்டில் இப்போது ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள், கேரேஜில் ஒரு புல் வெட்டும் மெஷினும் நின்றுகொண்டிருக்கும்.

அப்பாவுக்கு 68 வயது. மே மாதம் வந்தார். ஆயுசு முழுக்க வயலில் நின்றவர். இங்கே ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற வருகிற காரை எண்ணிக்கொண்டிருக்க அவரால் ஆகவில்லை. இரண்டாவது வாரமே புல் வெட்டுவதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

அன்றைக்கு முதல் நாள் ராத்திரி நல்ல மழை. எங்கள் பின்பக்கம் கொஞ்சம் சரிவு. காலில் ரப்பர் செருப்பு. சரிவின் கீழே நின்றுகொண்டு மெஷினைத் தன் பக்கம் இழுத்திருக்கிறார். செருப்பு வழுக்கி, வலது கால் மெஷினுக்கு அடியில் போய்விட்டது. நான் மாடியில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். சத்தம் கேட்டது அம்மாவுக்குத்தான்.

பெருவிரலின் நுனி எலும்போடு போய்விட்டது. அடுத்த விரலும் சிதைந்துவிட்டது. அம்மா துண்டை எடுத்து இறுக்கிக் கட்டினார். விரல் துண்டைப் புல்லில் தேடி எடுத்து, எவர்சில்வர் டப்பாவில் ஐஸ் கட்டிகளோடு போட்டுக் கொண்டுவந்தார். மருத்துவமனையில் பார்த்துவிட்டு ஒட்ட முடியாது என்றார்கள். அது கூடப் பரவாயில்லை, அன்றைக்குக் காயத்தைத் தைக்கவும் இல்லை. கழுவிவிட்டுத் திறந்தபடியே கட்டுப் போட்டுவிட்டார்கள். "இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில ஒரு தையல் போட ஆள் இல்லையா" என்று அம்மா இரண்டு நாள் புலம்பினார். எனக்கும் பதில் தெரியவில்லை. இங்கே டாக்டர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மழைக்காலமேகம் (கோவை)

படிக்கவே காலெல்லாம் கூசுகிறது. அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

எடிசன்வாசி

வீட்டுக்கு வந்துவிட்டார். வாக்கர் வைத்து பாத்ரூம் வரை நடக்கிறார். எங்களோடு சரியாகப் பேசுவதில்லை.

எலும்புவைத்தியன் (சென்னை)

உங்கள் அம்மாவின் கேள்வியை எங்கள் வார்டிலும் வாரத்துக்கு ஒரு தடவையாவது யாராவது கேட்டுவிடுவார்கள். கேட்பது நியாயமும்கூட.

அரிவாள் பட்டால் அது ஒரு கோடு. சுத்தமான கோடு என்றால் கழுவித் தைத்துவிடலாம். மோவர் பிளேடு வெட்டுகிற மாதிரி தெரிந்தாலும், காலில் படும்போது அது அடிக்கிறது. அடிக்கிற அடியிலேயே புல், மண், சருகு, நாய்க் கழிவு, செருப்பு ரப்பர் துணுக்கு எல்லாவற்றையும் சதைக்குள் திணித்துவிடுகிறது. வெளியே இரண்டு அங்குலக் காயமாகத் தெரியும். தசைகளுக்கு நடுவே உள்ள சந்துகளில் மண் இன்னும் மேலே ஏறியிருக்கும். அதோடு, நசுங்கிய சதையில் எது பிழைக்கும், எது செத்துப்போகும் என்று முதல் நாள் பார்த்துச் சொல்ல எந்த சர்ஜனாலும் முடியாது. இரண்டு நாள் போனால்தான் அது தன் நிறத்தைக் காட்டும்.

அன்றைக்கே அதை மூடித் தைத்தால் காற்றில்லாத இடத்தில் வளர்கிற கிருமிகளுக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. மண்ணில் இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் அப்படிப்பட்டது. கேஸ் காங்கிரீன் என்கிற சதை அழுகும் நோய் வந்தால் விரல் போய்க் கால் போகும், சில சமயம் ஆளே போய்விடுவார். அதனால் கழுவுவது, செத்த சதையை எடுப்பது, திறந்து வைப்பது, 48 மணி நேரம் கழித்து மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பது. சிலருக்கு இப்படி மூன்று நான்கு தடவை ஆகும். நடுவில் காயத்தின்மேல் ஸ்பாஞ்சு வைத்து ஒட்டி, குழாய் வழியாக மெஷினால் உறிஞ்சிக்கொண்டே இருப்பதும் உண்டு. உங்கள் மருத்துவமனை செய்தது முழுக்கச் சரி. அன்றைக்கே தைத்து அனுப்பியிருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா?

எடிசன்வாசி

12 வருஷமாக உண்டு. இதயத்துக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறார். நீங்கள் சொன்னபடியேதான் நடந்தது: முதல் நாள் ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று, ஐந்தாம் நாள்தான் மூடினார்கள். நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் இரண்டு மூன்று விதமாகப் போனது.

எலும்புவைத்தியன்

ஆமாம், ஒன்று போதாது. தோலில் இருக்கும் கிருமிகளுக்கு செஃபாசோலின் போன்ற ஒன்று, மண்ணிலும் ஈரத்திலும் இருக்கும் கிருமிகளுக்கு ஜென்டாமைசின் போன்ற ஒன்று. மண் நிறையப் புகுந்திருந்தால் பென்சிலினையும் சேர்ப்பார்கள். எலும்பு உடைந்து வெளியே தெரிகிற காயம் என்றால் முதல் ஊசி ஒரு மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும். பெயர்களைச் சொன்னது உங்களுக்குப் புரிவதற்காகத்தான், மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேட்பதற்காக இல்லை.

சர்க்கரைக்காரர் என்பதால் இன்னொன்று. காலில் உணர்ச்சி குறைந்தவருக்குச் செருப்பு கழன்றதே தெரியாமல் போகலாம். இடது காலையும் தினமும் பாருங்கள். இப்போது பாரம் முழுக்க அதன்மேல்தான்.

பாட்டிவைத்தியம் (கும்பகோணம்)

எங்கள் வீட்டில் வெட்டுக்காயத்துக்குக் காபித்தூள் அமுக்கினால் ரத்தம் சட்டென்று நிற்கும். மஞ்சள்தூளும் போடலாம், கிருமி வராது. அனுபவத்தில் சொல்கிறேன்.

எலும்புவைத்தியன்

அம்மா, கோபிக்காதீர்கள். ரத்தம் நின்றது நீங்கள் அமுக்கியதால். தூள் இல்லாமல் சுத்தமான துணியை வைத்து அமுக்கியிருந்தாலும் நின்றிருக்கும். அந்தக் காபித்தூளைச் சுரண்டி எடுக்க எங்களுக்குத் தியேட்டரில் அரை மணி நேரம் ஆகும். கறுப்பாக இருப்பது தூளா செத்த சதையா என்றே தெரியாது.

நைட்ஷிப்ட்_நர்ஸ் (நியூ யார்க்)

எமர்ஜென்சியில் 14 வருஷம். கோடை வார இறுதி வந்தால் எங்களுக்கு இதுவும் ஒரு சீசன்தான். எடிசன் அண்ணா, உங்கள் அம்மா துண்டை இறுக்கி அமுக்கியது ரொம்பச் சரி. அந்த டப்பா விஷயத்தை மட்டும் எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

துண்டான விரலை ஐஸ் மேல் நேராக வைக்கக் கூடாது. சதை உறைந்து செத்துவிடும். தண்ணீரில் ஊறவும் போடக் கூடாது. மண் இருந்தால் லேசாக அலசுங்கள், தேய்க்க வேண்டாம். நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, ஜிப் பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். குளிர்ச்சி வேண்டும், ஐஸ் தொடக் கூடாது. இப்படி வைத்தால் ஒரு விரல் பல மணி நேரம் தாங்கும். தசை அதிகமுள்ள கையோ காலோ என்றால் அவ்வளவு நேரம் தாங்காது.

ஆனால் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். மோவரில் போனது ஒட்டுவது அபூர்வம். நார் நாராகக் கிழிந்திருக்கும், ரத்தக்குழாயை எங்கே கண்டுபிடித்துத் தைப்பது? அம்மா சரியாக வைத்திருந்தாலும் முடிவு இதேதான் ஆகியிருக்கும், அவரிடம் சொல்லுங்கள். ஐஸ் போட்டதால்தான் போயிற்று என்று மனசில் வைத்துக்கொண்டிருப்பார்.

எடிசன்வாசி

சரியாகச் சொன்னீர்கள். அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார். படித்துக் காட்டுகிறேன்.

கயிறுகட்டி (திருச்சி)

துண்டால் அமுக்கியும் நிற்கவில்லை என்றால் மேலே கயிறு கட்டலாமா கூடாதா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

நைட்ஷிப்ட்_நர்ஸ்

விரலுக்குத் தேவைப்படாது. துணி வைத்து, முழு பலத்தோடு, துணியைத் தூக்கித் தூக்கிப் பார்க்காமல் பத்து நிமிஷம் அமுக்கினால் பெரும்பாலும் நிற்கும். கணுக்காலுக்கு மேலே வெட்டுப் பட்டு ரத்தம் பீய்ச்சி அடிக்கிறது என்றால் கட்டுங்கள். காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின்மேல் படாமல், அகலமான பட்டையாக. சணலும் வயரும் சதையைத்தான் அறுக்கும். ரத்தம் நிற்கும்வரை இறுக்கி, கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். இடையில் தளர்த்திப் பார்க்காதீர்கள், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இங்கே 911, ஊரில் 108.

எடிசன்வாசி

மருத்துவமனையில் டெட்டனஸ் ஊசி பற்றியும் கேட்டார்கள். கடைசியாக எப்போது போட்டது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. இரண்டு கையிலும் கைக்கொரு ஊசி போட்டார்கள். ஏன் இரண்டு?

எலும்புவைத்தியன்

ஒன்று தடுப்பூசி, அது உடம்பைத் தயார் செய்ய நாளாகும். இன்னொன்று ஏற்கெனவே தயாரான எதிர்ப்புச் சக்தி, உடனே வேலை செய்யும். மூன்று தவணை முழுசாகப் போட்டவர் என்று தெரியாவிட்டால், அழுக்குக் காயத்துக்கு இரண்டும் வேண்டும். தவணை முடித்தவர் என்றால் கணக்கு சுலபம்: மண் பட்ட காயத்துக்கு, கடைசி ஊசி போட்டு 5 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் ஒன்று, சுத்தமான சின்னக் காயத்துக்கு 10 வருஷம். நம் ஊரில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டி.டி. ஊசி என்று ஒரு பழக்கம் இருக்கிறது, தேவையில்லை.

ஸ்கார்பரோ_மாமா (டொராண்டோ)

நாங்கள் ஏற்பு ஊசி என்று சொல்லுவோம். நான் 1991-இல் இங்கு வந்தபோது எனக்கும் நினைவில்லை, ஊர்க் கிளினிக்கில் போட்டதற்குத் துண்டுச் சீட்டும் இல்லை. பெற்றோரை அழைக்கிறவர்கள் பயணக் காப்புறுதியோடு இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சப்பாத்து விசயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். எங்கள் வீட்டில் முன்பக்கம் இரும்பு வைத்த வேலைச் சப்பாத்து ஒரு சோடி கராஜ் வாசலில் இருக்கும். அதைப் போடாமல் மெசினைத் தொட யாருக்கும் அனுமதியில்லை, எனக்கும்தான். மருமகன் சிரிப்பார். சிரிக்கட்டும்.

இயந்திரப்பித்தன் (மிச்சிகன்)

அப்பா நலமாக வேண்டும். ஒரு விஷயம் எனக்கு இடிக்கிறது, அதனால் கேட்கிறேன்.

முதலில் கணக்கு. 21 அங்குல பிளேடு, நிமிஷத்துக்கு 3,000 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றில் நுனி கடக்கும் தூரம் 1.68 மீட்டர். ஆக நொடிக்கு 84 மீட்டர், மணிக்கு 300 கிலோமீட்டர். அமெரிக்கத் தரவிதி நுனி வேகத்துக்கு வைத்திருக்கிற உச்சவரம்பே நிமிஷத்துக்கு 19,000 அடி, அதாவது மணிக்கு சுமார் 347 கி.மீ. அந்த வேகத்தில் ஒரு கூழாங்கல்லை அடித்தால் அது எங்கே போய் நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கேள்வி. 1982 ஜூன் 30-க்குப் பிறகு அமெரிக்காவில் விற்பனைக்குத் தயாரான தள்ளு மோவர் எல்லாவற்றிலும், கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்க வேண்டிய கம்பியை விட்டால் 3 நொடிக்குள் பிளேடு நிற்க வேண்டும் என்று சட்டம். பின்பக்கம் கால் புகாமல் தடுக்க ஒரு தொங்கு தட்டியும் இருக்கும். வழுக்கி விழுகிற மனுஷன் கை தானாகக் கம்பியை விட்டிருக்கும். 3 நொடி நீண்ட நேரம்தான், அதற்குள் கால் போகலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கேட்கிறேன்: அம்மா வெளியே ஓடிவந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா?

வெட்டிப்பேச்சு (டல்லாஸ்)

அதையெல்லாம் விடுங்கள். 45 டாலர் கொடுத்தால் ஆள் வந்து வெட்டிவிட்டுப் போவான். 68 வயதில் அப்பாவை வெயிலில் நிற்க வைத்துவிட்டு மாடியில் மீட்டிங்காம்.

ஸ்கார்பரோ_மாமா

தம்பி, அவர் தகப்பனை ஒருவரும் நிற்க வைக்கவில்லை. வேலை செய்து பழகிய மனிதர் சும்மா இருக்கமாட்டார். உங்கள் வீட்டில் பெரியவர்கள் வந்து நின்றதில்லையா?

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)

எங்கள் பக்கம் லான் கிடையாது, பிரஷ் கட்டர்தான், நீளக் குழாயின் நுனியில் பிளேடு சுற்றுகிற மெஷின். இந்த இழையில் அதையும் சேர்த்துப் பேசலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் காயம் ஒரே ஜாதி. மிச்சிகன்காரர் கணக்கை நம் மெஷினுக்குப் போட்டுப் பார்த்தேன்: 10 அங்குல பிளேடு, 7,000 சுற்று, அதுவும் மணிக்கு 330 கி.மீ.-க்கு மேல் வருகிறது. அதை, பிளேடுக்கு ஒரு மூடி கூட இல்லாமல், இடுப்பில் மாட்டிக்கொண்டு நடக்கிறோம்.

மூடி என்று ஏன் சொல்கிறேன் என்றால், வாங்கிய முதல் வாரமே அதைக் கழற்றிவிடுவார்கள். கொடி சுற்றிக்கொள்கிறதாம். மூடி போனால் கல் நேராக முகத்துக்கு வரும். இன்னொன்று, வரப்போரத்தில் கட்டைக்குப் பக்கத்தில் பிளேடு பட்டால் மெஷின் திமிறி உதைக்கும். ஆளையே சுற்றிப் போட்டுவிடும். அப்போது பக்கத்தில் நிற்கிறவன் காலில் பிளேடு. 15 மீட்டருக்குள் யாரும் வரக்கூடாது என்று மெஷின்மேலேயே படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். நம் ஆட்கள் வெட்டுகிறவனுக்குப் பக்கத்தில் நின்று கதை பேசிக்கொண்டிருப்பார்கள்.

சைக்கிள் செயின் மாதிரி இரும்புத் துண்டுகளைக் கோத்து, பிளேடுக்குப் பதிலாக மெஷினில் மாட்டுகிற ஒரு சாமான் கிடைக்கிறது, முள்ளுக்காட்டுக்கு நல்லது என்று. வாங்காதீர்கள். ஒரு கண்ணி அறுந்தால் அது தோட்டாதான். ஐரோப்பாவில் அந்த வகையை விற்கவே கூடாது என்று 2012-இல் தடை போட்டுவிட்டார்கள்.

போன வருஷம் என்னிடம் வேலை செய்த பையன் ஒருவனுக்குக் கண்ணில் ஏதோ தெறித்தது. கண்ணாடி கொடுத்திருந்தேன், வியர்க்கிறது என்று நெற்றிக்கு மேலே தூக்கி விட்டிருந்தான். மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டான். இரண்டு நாள் நன்றாக இருந்தது. பத்தாம் நாள் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி. இப்போது அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது.

விழித்திரை (மதுரை, கண் மருத்துவர்)

இதைப் படித்ததும் எழுதாமல் போக முடியவில்லை. அந்தச் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்திருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். சிவப்பும் வலியும் இரண்டே நாளில் குறையும், அதனால் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் புல்லோ இலையோ கீறிய கண்ணில் வருவது பெரும்பாலும் பூஞ்சை, ஃபியூசேரியம், அஸ்பெர்ஜில்லஸ் மாதிரியானவை. ஸ்டீராய்டு அதற்கு உரம். தமிழ்நாட்டில் விவசாயிகளுக்குக் கருவிழிப் புண் வருவதற்குப் பெரிய காரணமே இந்தப் பூஞ்சைதான். இங்கே அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், விலை உயர்ந்த வோரிகோனசோலைவிடப் பழைய நாடாமைசின் சொட்டு மருந்தே பூஞ்சைப் புண்ணுக்கு மேல் என்று தெரியவந்தது. அதுவும் ஃபியூசேரியத்துக்கு வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. மருந்து இருக்கிறது. ஆனால் சீக்கிரம் வர வேண்டும், சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதுவும் விட வேண்டாம்.

கல்லோ இரும்போ தெறித்தது என்றால் இன்னும் கவனம். வேகமாக வந்த சின்ன இரும்புத் துகள் கண்ணுக்குள்ளேயே போய்விடும், வலிகூட அவ்வளவாக இருக்காது. "உறுத்தல் போயிடுச்சு டாக்டர்" என்று ஒரு வாரம் கழித்து வருவார்கள். அப்படி அடிபட்ட கண்ணைத் தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள், பஞ்சு வைத்து அமுக்கிக் கட்டாதீர்கள். ஒரு பேப்பர் கப்பைக் கண்ணின்மேல் கவிழ்த்து, எலும்பில் மட்டும் படும்படி டேப் போட்டுக் கூட்டிவாருங்கள். வழியில் டீ, சாப்பாடு கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து தேவைப்படலாம். எந்த மெஷினில் வேலை பார்த்தார் என்று முதலிலேயே சொல்லுங்கள். இரும்பு இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது, சி.டி. எடுப்பார்கள்.

வெயிலுக்குப் போடுகிற கூலிங் கிளாஸ் இதற்கு ஆகாது. பாலிகார்பனேட் கண்ணாடி, பக்கவாட்டையும் மூடுவதாக வாங்குங்கள். ரொம்ப விலையில்லை.

தென்னந்தோப்பு

பேப்பர் கப் விஷயத்தை ஒரு அட்டையில் எழுதி மோட்டார் ரூமில் மாட்டிவிட்டேன். நன்றி டாக்டர்.

இரண்டுவாண்டு_அம்மா (ஹூஸ்டன்)

குழந்தைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்கள் தெருவில் தாத்தாக்கள் உட்கார்ந்து ஓட்டும் மோவரில் பேரனை மடியில் வைத்துச் சுற்றுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். எங்கள் குழந்தை மருத்துவர் சொன்னதற்கு அப்புறம் எனக்கு அந்தக் காட்சியே ஆகவில்லை: மடியில் உட்கார்ந்து பழகிய குழந்தைக்கு மோவர் சத்தம் கேட்டால் சவாரிதான் நினைவுக்கு வரும். பின்னாலிருந்து ஓடிவரும். ஓட்டுகிறவர் ரிவர்ஸ் எடுப்பார். அந்த இரைச்சலில் எதுவும் கேட்காது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்வது: தள்ளு மோவரைத் தொட 12 வயது ஆகியிருக்க வேண்டும், உட்கார்ந்து ஓட்ட 16. ஆறு வயதுக்குக் கீழே என்றால் மெஷின் ஓடும்போது வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். நாங்கள் கதவைப் பூட்டிவிட்டு ஒரு ஆள் குழந்தைகளோடு உள்ளே இருக்கிறோம். நிறுத்திய பிறகும் சைலென்சர் ரொம்ப நேரம் கொதிக்கும். எங்கள் சின்னவன் உள்ளங்கையை வைத்துவிட்டான், அது தனிக் கதை.

எலும்புவைத்தியன்

குழந்தைகளுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. எலும்பு வளரும் இடத்தில் அடிபட்டால் கால் வளர வளரக் கோணும், குட்டையாகும். ஐந்து வயதில் பட்ட காயத்துக்குப் பதினைந்து வயது வரை ஆபரேஷன் செய்துகொண்டிருக்க வேண்டியிருக்கும்.

பழையபேப்பர் (பெங்களூரு)

நடுவில் ஒரு தகவல். இந்த மெஷினை 1830-இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர்தான் முதலில் செய்தார். துணி ஆலையில் கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சீவுகிற உருளையைப் பார்த்து வந்த யோசனை. அந்த உருளை வகை இன்னும் விற்கிறது. எஞ்சின் இல்லை, தள்ளினால் சுற்றும், நின்றால் நிற்கும். சின்னப் புல்வெளிக்கு அது போதாதா?

இயந்திரப்பித்தன்

போதும், வாராவாரம் வெட்டுகிறவர்களுக்கு. புல் முழங்கால் உயரம் வளர்ந்த பிறகு அதைத் தள்ள ஒரு ஜோடி மாடு வேண்டும். விரலை விட்டால் அதுவும் நறுக்கும், ஆனால் கல்லை வீசி அடிக்காது.

குடைகிறேன் என்று நினைக்காதீர்கள் எடிசன், நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

சார்ஜ்ஏத்தி (சான் ஹோசே)

பேட்டரி மோவர் வாங்குங்கள், பிரச்சினை முடிந்தது. புகை இல்லை, பெட்ரோல் இல்லை, சத்தம் இல்லை.

இயந்திரப்பித்தன்

மூடிய கேரேஜில் கார்பன் மோனாக்சைடு, சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றுவது, இந்த இரண்டும் ஒழியும், உண்மை. ஆனால் பிளேடு அதே பிளேடு. சத்தம் குறைவு என்பதால் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் கையை விடுகிறார்கள். கை போவது பெரும்பாலும் வெட்டிய புல் வெளியே வரும் வாயில் அடைத்துக்கொண்ட ஈரப்புல்லைச் சுத்தம் செய்யும்போதுதான். பெட்ரோல் மெஷின் என்றால் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரி என்றால் பேட்டரியையும் சாவியையும் எடுத்து டிரவுசர் பையில் போட்டுக்கொண்டு, அப்புறம் ஒரு குச்சியால் குத்தி எடுங்கள். வயரைக் கழற்றாமல் பிளேடைக் கையால் திருப்பினால் எஞ்சின் ஒரு தடவை உதைத்துச் சுற்ற வாய்ப்புண்டு.

சரிவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தள்ளு மோவர் என்றால் சரிவுக்குக் குறுக்கே போக வேண்டும், வழுக்கினாலும் மெஷின் உங்கள்மேல் வராது. உட்கார்ந்து ஓட்டுவது நேர்மாறு, மேலும் கீழுமாகத்தான் போக வேண்டும், குறுக்கே போனால் கவிழும். ஈரமாக இருந்தால் இரண்டும் வேண்டாம். எதுவானாலும் தன் பக்கம் இழுக்கக் கூடாது.

எடிசன்வாசி

பதில் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது.

அம்மா வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கம்பியைக் கைப்பிடியோடு சேர்த்து கேபிள் டை போட்டுக் கட்டியது நான். போன வருஷம், முக்கால் மணி நேரம் அதைப் பிடித்துக்கொண்டே நடந்து மணிக்கட்டு வலிக்கிறது என்று. அடிக்கடி நின்று நின்று கிளப்ப வேண்டியிருக்கிறது என்று. பின்பக்கத் தட்டியும் உடைந்து ஒரு வருஷம் ஆகிறது, மாற்றவில்லை.

அப்பாவுக்கு நான் இதைச் சொல்லிக் கொடுக்கவே இல்லை. கையை விட்டால் நிற்கிற மெஷின் என்பதே அவருக்குத் தெரியாது. பெட்ரோல் தீரும்வரை ஓடும் என்று நினைத்திருக்கிறார், ஊரில் பம்ப்செட் மாதிரி. அம்மாதான் சமையலறைக் கத்தியால் டையை அறுத்து நிறுத்தினார்.

இதுவரை வீட்டில் சொல்லவில்லை. இங்கேதான் முதலில் எழுதுகிறேன்.

மழைக்காலமேகம்

...

வெட்டிப்பேச்சு

நான் மேலே எழுதியதற்கு மன்னிக்கவும் அண்ணா. சொல்கிறேனே, என் மெஷினிலும் டக்ட் டேப் சுற்றியிருக்கிறது. பழைய ஓனர் சுற்றினார், நான் பிரிக்கவில்லை. இப்போது கேரேஜுக்குப் போகிறேன்.

இயந்திரப்பித்தன்

நான் குடைந்து கேட்டிருக்க வேண்டாம். ஆனால் இது உங்கள் ஒருவர் கதை இல்லை. நான் மூன்று தெருவுக்கு மோவர் ரிப்பேர் செய்து கொடுக்கிறேன். கயிறு, வெல்க்ரோ, பைக் டியூப், எல்லாம் கட்டி வந்திருக்கிறது. கைவலிக்கு வழி இருக்கிறது. கேபிள் துருப்பிடித்து இறுகியிருந்தால் கம்பி கனக்கும். புதுக் கேபிள் விலை குறைவு, மாற்றினால் இரண்டு விரலால் பிடிக்கலாம். விட்டால் பிளேடு மட்டும் நின்று எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிற மாடலும் வருகிறது, விலை கூட, ஆனால் திரும்பத் திரும்பக் கிளப்ப வேண்டாம்.

நைட்ஷிப்ட்_நர்ஸ்

அப்பாவிடம் சொல்லிவிடுங்கள் அண்ணா. தன் கவனக்குறைவு என்று நினைத்துக்கொண்டு இருக்கிறார் போல. பேசாமல் இருப்பதற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம்.

ஸ்கார்பரோ_மாமா

ஓம், சொல்லிவிடுங்கள். இன்னொன்று, கட்டிவைக்கிற பழக்கம் இருக்கிறவர்கள் பனி தள்ளுகிற மெசினிலும் கட்டுவார்கள். அங்கே எஞ்சினை நிறுத்திய பிறகும் ஆபத்து. அடைத்த பனியைக் கையால் எடுத்தவுடன், பெல்ட்டில் தேங்கி நின்ற முறுக்கம் ஒரு முறை சுற்றும். பக்கத்து வீட்டுக்காரருக்கு நடுவிரல் அப்படித்தான் போனது. தடி ஒன்று மெசினோடேயே வரும், அதைப் பாவியுங்கள்.

எடிசன்வாசி (பதினொரு நாள் கழித்து)

சொல்லிவிட்டேன். நான் முடிக்கும்வரை அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். "அப்படின்னா அது நிக்கிற மெஷினா" என்று மட்டும் கேட்டார். அப்புறம் சாப்பாடு எடுத்து வைக்கச் சொன்னார்.

தையல் பிரித்தாயிற்று. இல்லாத நுனிவிரல் ராத்திரியில் அரிக்கிறது என்கிறார். டாக்டர் இது வழக்கம்தான் என்றார். நடக்கும்போது உந்தித் தள்ளப் பெருவிரல் வேண்டும் என்பதால் ஷூவுக்குள் வைக்க ஒரு திண்டு செய்து தருகிறார்கள். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. டிக்கெட்டை அக்டோபருக்குத் தள்ளிவைத்திருக்கிறோம்.

இயந்திரப்பித்தன்

நல்ல செய்தி. அந்த மெஷினை என்ன செய்தீர்கள்? தூக்கிப் போடுவதானால் கம்பியையும் தட்டியையும் சரிசெய்யாமல் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

எடிசன்வாசி

ஷெட்டில்தான் இருக்கிறது, பிளக் வயரைக் கழற்றி வைத்துவிட்டேன். சனிக்கிழமைகளில் ஓர் ஆள் வந்து வெட்டுகிறார், 45 டாலர்தான். அப்பா ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவர் வெட்டி முடிக்கும்வரை பார்க்கிறார். போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "அவன் ஷூவப் பாரு, முன்னாடி இரும்பு" என்றார். ஸ்கார்பரோ மாமா, அந்த வேலைச் சப்பாத்து எங்கே வாங்கினீர்கள்? அப்பாவுக்கு இடது கால் 8, வலது காலுக்குத் திண்டு வைக்க இடம் வேண்டும்.